அக்காகிட்ட கேளுங்க: ஆஸ்பத்திரி கூடைய தூக்கிட்டு நடக்கறவங்களுக்கு

போன இதழ்ல ஒருத்தங்க, கேன்சருக்கு கீமோ போட்டுக்கறவங்களுக்கு என்ன சாப்பாடு குடுக்கலாம்னு கேட்டிருந்தாங்க. நானும் ரெண்டு பாரா எழுதிட்டு, போற போக்குல "அது சரி, நீங்க சாப்டீங்களாம்மா"ன்னு ஒரு வரி கேட்டு வச்சேன். அந்த ஒரு வரிக்குத்தான் இந்த தடவ இவ்ளோ தபால். எல்லாமே நோயாளிய பாத்துக்கறவங்க எழுதினது. அதனால இந்த தடவ மாமியார் மருமக சண்ட, சொத்து தகராறு, மூட்டு வலி எல்லாத்துக்கும் லீவு. அஞ்சு லெட்டர் எடுத்துக்கறேன், பேர எடுத்துட்டேன், ஊர் மட்டும் இருக்கு. புதுசா படிக்கறவங்களுக்கு ஒண்ணு சொல்லிடறேன், நான் டாக்டர் இல்ல, 31 வருஷம் வார்டுல நர்ஸா இருந்து ரிட்டயர் ஆனவ. அப்பறம் எங்க அக்காவுக்கே வந்தப்போ யூனிஃபார்ம் இல்லாம அதே மாதிரி ஒரு கட்டிலுக்கு பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்தவ. ரெண்டும் வேற வேற வேலைன்னு அப்பதான் தெரிஞ்சுது.

அக்கா, எனக்கு 29 வயசு. மாமியாருக்கு மார்புல கட்டி, 21 நாளைக்கு ஒரு தடவன்னு கீமோ நாலு முடிஞ்சிருக்கு. நாலரைக்கு எந்திரிச்சு பசங்களுக்கு கட்டி வச்சிட்டு, அவங்கள கூட்டிக்கிட்டு பாண்டி பஸ்ஸ புடிச்சு, அங்க இறங்கி கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்கு இன்னொரு பஸ். வீட்டுக்கு வர ராத்திரி ஆயிடும். போன செவ்வாய்க்கிழம கஞ்சி குடுத்தா ஒரு வாய் வச்சிட்டு "இரும்ப கரைச்சு குடுக்கறியா"ன்னு தட்டி விட்டாங்க. நான் டம்ளர எடுத்து சுவத்துல அடிச்சிட்டேன். "எப்பதான் இது முடியுமோ"ன்னு மனசுல வந்துருச்சு. முடியறதுன்னா என்ன அர்த்தம்னு எனக்கே தெரியும்ல. தெருவுல எல்லாரும் மகளுக்கு மேல பாத்துக்கறான்னு சொல்றாங்க, கேக்கவே கூசுது. நான் கெட்டவளாக்கா?
(திருப்பாதிரிப்புலியூர்)

மொதல்ல அந்த இரும்ப பாத்துடலாம், ஏன்னா உன் மாமியார் உன்ன குத்தம் சொல்லல, நெஜமாவே அவங்க வாயில இரும்புதான் இருந்திருக்கு. கீமோ மருந்துல சிலது நாக்கோட ருசியவே மாத்திடும், நல்ல சாப்பாடே துருப்பிடிச்ச மாதிரி இருக்கும், சூடா ஆவி வந்தா அந்த வாசனைக்கே கொமட்டும். ஸ்டீல் டம்ளர், ஸ்டீல் ஸ்பூன எடுத்து வச்சிட்டு பீங்கான்லயோ பிளாஸ்டிக் ஸ்பூன்லயோ குடுத்து பாரு, கஞ்சிய ஆற வச்சு குடு, ஒரு டம்ளரா நீட்டாத, அரை மணிக்கு ஒரு தடவ நாலு ஸ்பூன் போதும். இன்னொண்ணு, கீமோவோட வாந்திக்கும் அலர்ஜிக்கும்னு ஸ்டீராய்டு மாத்திர குடுப்பாங்க, அத போடற ரெண்டு மூணு நாளைக்கு தூக்கமே வராது, சள்ளுபுள்ளுனு விழுவாங்க, நிறுத்தினதும் துணி மாதிரி துவண்டு போவாங்க. காலண்டர்ல குறிச்சு வச்சு பாரு, உங்க வீட்டு சண்டையில பாதி அந்த மூணு நாள்லதான் நடந்திருக்கும். அந்த நாள்ல வாக்குவாதத்துக்கு நிக்காத.

இப்ப உன் கோவம். நோயாளிய பாத்துக்கறவங்களுக்கு எவ்ளோ பாரம் இருக்குன்னு அளக்க டாக்டருங்க ஒரு கேள்வித்தாள் வச்சிருக்காங்க, 22 கேள்வி, அமெரிக்காவுல ஸாரிட்ங்கறவர் போட்டது, உலகம் முழுக்க அததான் கேக்கறாங்க. அதுல ஒரு கேள்வியே "அவங்க பக்கத்துல இருக்கும்போது உங்களுக்கு கோவம் வருதா"ங்கறதுதான். உனக்கு மட்டும் வர்ற கோவமா இருந்தா அத ஃபார்ம்ல அச்சடிச்சு வைப்பாங்களா? எப்ப முடியுமோன்னு நினைச்சதும் அப்படித்தான். அவங்க போகணும்னு நீ நினைக்கல, இந்த நாலரை மணி அலாரம் போகணும்னு நினைச்ச. எங்க அக்கா கட்டிலுக்கு பக்கத்துல உக்காந்து நானும் அத நினைச்சிருக்கேன், 31 வருஷ சர்வீஸ் போட்டவ.

ஆனா இத இப்படியே இழுத்துக்கிட்டு போகவும் முடியாது, உடம்பு கணக்கு வச்சிக்கும். 1995ல லான்செட்ங்கற டாக்டருங்க பத்திரிகையில ஒரு ஆராய்ச்சி வந்துச்சு. மறதி நோய் வந்த சொந்தக்காரங்கள பாத்துக்கற 13 பொம்பளைங்க, அந்த பொறுப்பு இல்லாத அதே வயசு 13 பேரு, எல்லாருக்கும் கையில ஒரே அளவுல துளி தோல எடுத்துட்டு காயம் எத்தன நாள்ல ஆறுதுன்னு பாத்தாங்க. பாத்துக்கறவங்களுக்கு சராசரியா ஒம்பது நாள் கூட ஆச்சு. ஒரு சின்ன காயத்துக்கே அவ்ளோ. நீ வெந்நீர் கொட்டி கைய சுட்டுக்கிட்டது இன்னும் ஆறலன்னு லெட்டரோட ஓரத்துல எழுதியிருந்த பாரு, அத படிச்சதும் எனக்கு இதுதான் ஞாபகம் வந்துச்சு. ஒரு மாசமா ஆறலன்னா சுகர் டெஸ்ட்டும் எடுத்துடு.

சரி, என்ன பண்றது. உன் லெட்டர் மூணு பக்கம், ரெண்டு தடவ படிச்சேன், அதுல உன் வீட்டுக்காரர் ஒரு எடத்துலயும் வரல. அவங்க அவரோட அம்மா. அஞ்சாவது கீமோவுக்கு அவரு லீவு போடட்டும். உனக்கு ஒத்தாசையா கூட வர்றதுன்னு இல்ல, ஃபைல எடுத்துக்கிட்டு அவரு மட்டும் போகட்டும், நீ வீட்ல படு. அவருக்கு எந்த கவுண்டர்னு தெரியாது, பிளட் ரிப்போர்ட்ட மறந்துடுவாரு, தெரியும், ஒரு தடவ அல்லாடட்டும், ரெண்டாவது தடவ தெரிஞ்சிடும். நீயும் மொதல்ல அப்படித்தான கத்துக்கிட்ட.

தெருவுல பாராட்டறாங்களே அவங்கள சும்மா விடாத. "ஏதாவது வேணும்னா சொல்லும்மா"ன்னு எல்லாரும் சொல்லுவாங்க, நீயும் தலைய ஆட்டிட்டு வந்துடுவ. 2011 டிசம்பர் கடைசியில தானே புயல் அடிச்சப்போ நம்ம ஊர்ல யாராவது ஏதாவது வேணுமான்னு கேட்டாங்களா? நாள் கணக்கா கரண்ட் இல்ல, மோட்டார் ஓடல. எதுத்த வீட்டு அம்மா ஒரு வார்த்த பேசாம எங்க வாசல்ல ரெண்டு குடம் தண்ணி வச்சிட்டு போனாங்க, நாங்க அவங்க கூரையில விழுந்த முருங்க மரத்த வெட்டி எடுத்தோம். புயல்னா என்ன வேணும்னு கண்ணுக்கு தெரியுது. இது தெரியாது, நீதான் சொல்லணும், அதுவும் பேர வச்சு, கிழமைய வச்சு சொல்லணும். "வியாழக்கிழம சாயங்காலம் பையன டியூஷன்ல இருந்து கூட்டிட்டு வந்துடுங்க", "ஞாயித்துக்கெழம ரெண்டுல இருந்து நாலு வரைக்கும் அத்த பக்கத்துல உக்காருங்க, நான் தூங்கணும்". பத்து பேர்கிட்ட கேட்டா மூணு பேர் வருவாங்க. மூணு போதும்.

மேடம், நான் கம்பெனியில ஷிஃப்ட் வேல பாக்கறேன். வீட்டம்மாவுக்கு கர்ப்பப்பை வாயில. 25 நாள் கரண்ட் (ரேடியேஷன்) வைக்கணும், வாரத்துக்கு ஒரு கீமோன்னு சொல்லி இப்ப 14 நாள் ஆகுது. நான் யார்கிட்டயும் அழுதது இல்ல. ஆனா வேல முடிஞ்சா பைக் தானா கன்னியக்கோயில் ஒயின்ஷாப் பக்கம் போயிடுது. மொதல்ல வாரத்துக்கு ஒருநாள், இப்ப தெனம். குடிச்சாதான் தூக்கம் வருது. சில நாள் ரெண்டு பேருமா சேந்தே போயிட்டா நிம்மதின்னு தோணுது. இத எல்லாம் போடாதீங்க, பதில் மட்டும் போடுங்க.
(கடலூர் முதுநகர்)

தம்பி, போடாதீங்கன்னு சொன்னத போட்டதுக்கு கோச்சுக்காதீங்க, உங்கள மாதிரியே எழுதினவங்க இன்னும் ரெண்டு பேர் இருக்காங்க, யாருன்னு யாருக்கும் தெரியாது.

"ரெண்டு பேருமா சேந்தே"ன்னு எழுதினீங்களே, அத தாண்டி நான் போக மாட்டேன். அந்த நெனப்பு வந்தா ராத்திரின்னு பாக்காம 14416க்கு போன் போடுங்க. டெலிமானஸ்னு மத்திய அரசு 2022ல ஆரம்பிச்சது, காசு கிடையாது, 24 மணி நேரமும் உண்டு, தமிழ்ல பேசுவாங்க. நாளைக்கு கரண்ட் வைக்க போறப்போ அங்க இருக்கற டாக்டர்கிட்டயே "எனக்கு தூக்கம் இல்ல, இந்த மாதிரி நெனப்பு வருது, மனநல டாக்டர பாக்கணும்"னு சொல்லுங்க, பெரிய ஆஸ்பத்திரியில அந்த ஓ.பி.யும் அதே காம்பவுண்டுக்குள்ளதான் இருக்கும். வீட்ல பூச்சி மருந்து, மிச்சம் மீதி தூக்க மாத்திர ஏதாவது இருந்தா இன்னைக்கே அண்ணன் தம்பி வீட்டுக்கு அனுப்பிடுங்க. இதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல. காய்ச்சலுக்கு மாத்திர வாங்கற மாதிரிதான்.

குடிய பத்தி நான் பிரசங்கம் பண்ண போறதில்ல. ஆனா குடிச்சா தூக்கம் வருதுங்கறது பாதிதான் உண்ம, சட்டுனு தூக்கம் வரும், ரெண்டு மூணு மணிக்கு முழிப்பு தட்டும், அப்பறம் விடியற வரைக்கும் ஃபேன பாத்துக்கிட்டு படுத்திருப்பீங்க, அந்த நேரத்துலதான் கண்ட நெனப்பும் வரும். சரியா சொல்றேனா? இன்னொண்ணு, வீட்டம்மாவுக்கு கீமோவும் ஓடுது. கீமோ ஓடறப்போ 100.4 டிகிரி காய்ச்சல் வந்தா விடியட்டும்னு பாக்கக்கூடாது, ரத்தத்துல வெள்ள அணு கொறைஞ்சிருந்தா சில மணி நேரத்துல ஆள கவுத்துடும், ஒடனே ஆஸ்பத்திரிக்கு கெளம்பணும். அந்த நேரத்துல வண்டி எடுக்க வேண்டியது நீங்க. தெனம் குடிச்சு பழகினவரு திடுதிப்புனு நிறுத்தினா கை நடுக்கம், பதட்டம் எல்லாம் வரும், அதனால அதையும் அந்த டாக்டர்கிட்டயே சொல்லி, அவர் சொல்ற மாதிரி நிறுத்துங்க.

அப்பறம் பேச ஆள் இல்லன்னு எழுதியிருக்கீங்க. கரண்ட் ரூம் வாசல்ல தெனமும் அதே நேரத்துக்கு அதே மூஞ்சிங்கதான் வரும், கவனிச்சிருக்கீங்களா? பண்ருட்டியில இருந்து ஒருத்தரு, திண்டிவனத்துல இருந்து ஒருத்தரு, எல்லாரும் பொண்டாட்டியோட பைய மடியில வச்சிக்கிட்டு செவுத்த பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாங்க. ஆம்பளைங்க எதுத்தாப்புல உக்காந்து மனசு விட்டு பேசமாட்டீங்க, அது எனக்கு தெரியும், ஆனா பக்கத்து பக்கத்துல நின்னுக்கிட்டு டீ குடிச்சா பேசுவீங்க. நாளைக்கு "வாங்க, டீ சாப்டலாம்"னு ஒருத்தர கூப்பிடுங்க. இன்னும் 11 நாள் இருக்கு. அதுக்கு மேல உள்ள வச்சு குடுக்கற கரண்ட் வேற இருக்கும், அதுக்கும் அங்கதான் வரணும்.

ஒன்பதாவது படிக்கற பையன்கிட்ட அவங்க அம்மாவுக்கு என்னன்னு சொல்லலாமா? அல்சர்னு சொல்லி வச்சிருக்கோம்.
(நெல்லிக்குப்பம்)

அல்சருக்கு யாருங்க மொட்ட போட்டுக்கிட்டாங்க? அவனுக்கு எப்பவோ தெரிஞ்சிருக்கும், உங்களுக்கு கஷ்டமா இருக்கும்னு தெரியாத மாதிரி இருக்கான். வியாதி பேர சொல்லுங்க, இப்ப என்ன வைத்தியம் நடக்குதுன்னு சொல்லுங்க, அவனால வந்ததில்ல, தொட்டா ஒட்டிக்காதுன்னும் சொல்லுங்க. தெனமும் செய்ய அவனுக்குன்னு ஒரு சின்ன வேல குடுங்க, மாத்திர நேரத்த ஞாபகப்படுத்தறது மாதிரி. பொழச்சிப்பாங்களான்னு கேட்டா, "டாக்டரும் நாங்களும் எல்லாம் பண்றோம், எங்களுக்கு என்ன தெரியுதோ அத உன்கிட்ட மறைக்க மாட்டோம்"னு சொல்லலாம். அவன் கிளாஸ் டீச்சர்கிட்டயும் ஒரு வார்த்த போட்டு வைங்க.

நான் பிரான்ஸ்ல இருக்கேன். அப்பாவுக்கு குடல்ல கேன்சர். தங்கச்சிதான் முத்தியால்பேட்டையில வச்சு பாத்துக்கறா. நான் தெனம் வீடியோ கால் போடறேன், நெட்ல நிறைய படிச்சு அவளுக்கு அனுப்பறேன். போன வாரம் "நீ வந்து பாரு"ன்னு சொல்லி போன கட் பண்ணிட்டா. எனக்கும் இங்க ராத்திரியில தூக்கம் இல்ல. நான் என்ன தப்பு பண்ணேன்?
(பாரிஸ் பக்கத்துல இருந்து)

பாண்டிச்சேரியில பாதி குடும்பத்துல இந்த கதைதாம்மா, ஒருத்தங்க இங்க, ஒருத்தங்க அங்க. நீங்க தப்பு பண்ணல, ஆனா உங்க பயத்தையும் அவளே சுமக்கற மாதிரி ஆகிப்போச்சு. "அப்பாவுக்கு பப்பாளி இல சாறு குடுத்தியா, முள்சீத்தா குடுத்தியா"ன்னு நீங்க அனுப்பற ஒவ்வொண்ணும் அவளுக்கு "நீ சரியா பாக்கல"ன்னுதான் கேக்கும். தவிர, டாக்டர கேக்காம கீமோவோட இதெல்லாம் கலக்கக்கூடாது, சிலது கல்லீரலுக்கு ஆகாம போயிடலாம்.

அங்க இருந்தே செய்யக்கூடிய வேல இருக்கு. சொந்தக்காரங்களுக்கெல்லாம் பதில் சொல்ற வேலைய நீங்க எடுத்துக்கோங்க. தங்கச்சி உங்களுக்கு ஒரே ஒரு வாய்ஸ் மெசேஜ் போடட்டும், நீங்க வாட்ஸ்அப் குரூப்ல போடுங்க, பெரியப்பா சித்தப்பா எல்லாரும் உங்களுக்கு போன் போடட்டும். ஒரு நாளைக்கு பன்னெண்டு தடவ அதே கதைய மொதல்ல இருந்து சொல்றது எவ்ளோ ரணம்னு உக்காந்து சொன்னவங்களுக்குத்தான் தெரியும். பணம் அனுப்பினா, அப்பாவுக்குன்னு அனுப்பறதோட ராத்திரிக்கு மட்டும் ஒரு ஆள் வச்சிக்கறதுக்குன்னு தனியா அனுப்புங்க. நெட்ல தேடணும்னா இந்த மாதிரி தேடுங்க, வைத்தியத்துக்கு ரயில்ல போனா கேன்சர் நோயாளிக்கு ஸ்லீப்பர்லயும் தேர்டு ஏசிலயும் டிக்கெட் காசே இல்ல, கூட போறவங்களுக்கு முக்கால்வாசி கழிவு, ஆஸ்பத்திரியில அதுக்குன்னு இருக்கற ஃபார்ம்ல கையெழுத்து வாங்கணும். உங்க அப்பாவ செக்கப்புக்கு சென்னை அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போறதா எழுதியிருக்கீங்களே, அதுக்கு ஆகும்.

லீவு கெடைச்சா வாங்க. வந்தா விருந்தாளியா உக்காராம, மொத நாளே தங்கச்சிய மூணு நாள் எங்கயாவது அனுப்பி வைங்க. போக மாட்டேன்னுதான் சொல்லுவா. அனுப்பி வைங்க.

அக்கா, என் வீட்டுக்காரருக்கு தொண்டையில வந்து ஆபரேஷன், கரண்ட் எல்லாம் ஆச்சு. நாலு மாசம் மூக்கு டியூப் வழியாதான் கஞ்சி ஊத்தினேன், ஒரு சொட்டு கண்ணீர் விடல. இப்ப ஸ்கேன்ல ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாங்க, கோயில்ல பொங்கல் வச்சோம், எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க. இப்பதான் எனக்கு அழுக வருது. வெண்டைக்கா நறுக்கும்போது அழறேன். அவர் இருமினா கை கால் வெலவெலத்துடுது. நல்லது நடந்தப்பறம் இப்படி இருக்கறது பைத்தியக்காரத்தனமா?
(வில்லியனூர்)

இல்லம்மா. நாலு மாசமா உங்களுக்கு அழ எங்க நேரம் இருந்துச்சு? டியூப் அடைச்சுக்கும், கஞ்சிய துணியில வடிகட்டணும், ரெண்டு மணிக்கு ஒரு தடவ ஊத்தணும், அவர நிமுத்தி உக்கார வைக்கணும், ஊத்தினப்பறமும் அரை மணி நேரம் படுக்க விடக்கூடாது. இவ்ளோ நாள் உடம்பு முறுக்கி வச்ச கயிறு மாதிரி இருந்துச்சு, இப்ப ஆபத்து இல்லன்னு தெரிஞ்சதும் அவுந்துக்குது. வார்டுல இத நெறைய பாத்திருக்கேன், டிஸ்சார்ஜ் எழுதுற அன்னைக்குத்தான் பொண்டாட்டிமாருங்க மயக்கம் போட்டு விழுவாங்க.

அவர் இருமினா பயப்படறதும் அதே கணக்குதான். செக்கப் தேதி நெருங்க நெருங்க அதிகமாகும், ரிசல்ட் வந்ததும் கொறையும், மொத ரெண்டு வருஷம் செக்கப் அடிக்கடி இருக்கும், அதுக்கேத்த மாதிரி இதுவும் ஏறி எறங்கும். எந்த இருமலுக்கு போன் பண்ணணும், எத்தன நாள் பாக்கலாம்னு அடுத்த விசிட்ல டாக்டர்கிட்டயே கேட்டு ஒரு பேப்பர்ல எழுதி ஃபிரிட்ஜ் மேல ஒட்டிடுங்க, ஒவ்வொரு தடவையும் நீங்களே தீர்ப்பு எழுத வேண்டியதில்ல. ஆனா ரெண்டு வாரத்துக்கு மேல நாள் முழுக்க மனசு கனமா இருந்து, தூக்கம் சாப்பாடு கெட்டு, எதுலயும் பிடிப்பு இல்லாம போச்சுன்னா அது வெறும் களைப்பு இல்ல, அதுக்கு மருந்து இருக்கு, பேசி சரி பண்றதும் இருக்கு, மனநல டாக்டர பாருங்க. மேல தம்பிக்கு சொன்ன 14416 உங்களுக்கும்தான், பாண்டிச்சேரிக்கும் அதே நம்பர்தான்.

எங்க வீட்டு கதைய சொல்றேன். அக்காவுக்கு வைத்தியம் நடந்தப்போ ஒரு பச்ச கலர் ஒயர் கூடை வச்சிருந்தேன், ஃபைல், ஃபிளாஸ்க், துண்டு, வாந்தி எடுத்தா புடிக்க ஒரு டப்பா, சில்லற காசு, சீப்பு. அவளுக்குத்தான் முடியே இல்லையே, சீப்பு எதுக்குன்னு அவளே சிரிப்பா. எல்லாம் முடிஞ்சு வீட்டுக்கு வந்தப்பறமும் அந்த கூடைய நான் கலைக்கல, கதவுக்கு பின்னால ஆணியில மாட்டி வச்சிருந்தேன், ஃபிளாஸ்க் கூட உள்ளயே இருக்கும், மாசம் ஒரு தடவ துண்ட மட்டும் தொவச்சு திரும்ப மடிச்சு வைப்பேன். யாராவது கூடைய எறக்குன்னு சொன்னா எரிஞ்சு விழுவேன். எட்டு மாசம் அப்படியே தொங்குச்சு.

ஒரு ஞாயித்துக்கெழம நான் குளிச்சிட்டு வர்றேன், ஆணி காலியா இருக்கு, எனக்கு நெஞ்சே நின்னு போச்சு. அக்காவயும் காணோம். அர மணி நேரம் கழிச்சு தலையில புதுசா மொளச்ச முடியோட வேர்த்து ஊத்திக்கிட்டு வர்றா, ஃபைலு ஃபிளாஸ்க்கெல்லாம் கட்டில் மேல எடுத்து வச்சிட்டு, கூடைய எடுத்துக்கிட்டு முதுநகருக்கு போய் ஒரு கிலோ சங்கரா மீன் வாங்கிட்டு வந்திருக்கா. நான் கத்தின கத்துல பக்கத்து வீட்டுக்காரங்க வந்துட்டாங்க. அவ அசராம மீன தொட்டியில கொட்டிட்டு கூடைய அலசினா, மறுபடி அலசினா, மூணாவது தடவ மோந்து பாத்துட்டு சொன்னா, "வாசன போக மாட்டேங்குதுடி. இனிமே இத ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டு போக முடியாது."